மலை நிலமும் பத்திரச் செலவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எனக்கு 71 வயது. ஒன்றரை ஏக்கர் தேயிலைத் தோட்டத்தை மகளுக்கு எழுதிவைக்க விரும்புகிறேன். கிரயமாக எழுதினால்தான் பலம் என்கிறார்கள். உண்மையா? (கோத்தகிரி)

பதில்: இல்லை ஐயா. பணம் வாங்காமல் மகளுக்குக் கிரயம் எழுதுவது பொய்யைப் பதிவு செய்வதாகும். செலவும் பல மடங்கு. வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயித்த மதிப்பு, 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 2,70,000 ரூபாய். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம் என்றால் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்புகள் இவை. உங்களுக்கு 40,000 ரூபாயில் வேலை முடியும்.

கட்டணத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பதிவான பிறகு மனம் மாறினால், நீங்களாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதித் தோட்டத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே, "என் ஆயுள்வரை பசுந்தேயிலை வருமானத்தை நானே அனுபவித்து வருவேன்; மகள் என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற இரண்டு நிபந்தனைகளையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பராமரிப்பு நிபந்தனை மீறப்பட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். மகள் தங்கமானவளாகவே இருக்கட்டும். அந்த வரிகளும் இருக்கட்டும்.

கேள்வி: மனைவி பெயரில் 8 லட்சத்துக்கு மனை வாங்கினால் சலுகை உண்டா? (ஊட்டி)

பதில்: உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணம் 1 சதவீதம் குறையும். உங்களுக்கு மிச்சம் 8,000 ரூபாய். மனைவி பெயரில் மட்டும் எழுதுங்கள்.

கேள்வி: வீட்டுக்குப் பேசிய விலை 45 லட்சம், வழிகாட்டி மதிப்பு 28 லட்சம். பத்திரத்தில் 28 போதும் என்கிறார் விற்பவர். (குன்னூர்)

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். இன்று 1,53,000 ரூபாய் மிச்சமாகும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 28 லட்சம் என்றே கணக்காகி, மூலதன ஆதாய வரி ஏறும். இடையில் வழக்கு வந்தால், கொடுத்த மீதி 17 லட்சத்துக்கு உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

மலையில் இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. சாலையோர மனைக்கும், அதன் கீழே படியிறங்கிப் போய் ஒவ்வொரு சிமெண்ட் மூட்டையையும் தலைச்சுமையாகக் கொண்டுசேர்க்க வேண்டிய மனைக்கும் ஒரே வழிகாட்டி மதிப்பு போடப்பட்டிருக்கலாம். அப்போது உண்மை விலையைக் காட்டியே பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம். சார்பதிவாளர் அதை முத்திரைச் சட்டம் 47-ஏ பிரிவின்படி தனித்துணை ஆட்சியருக்கு (முத்திரை) அனுப்புவார். இடத்தைப் பார்வையிட்டு மதிப்பு நிர்ணயிப்பார்கள். முடியும்வரை அசல் பத்திரம் கைக்கு வராது என்பதால் வங்கிக் கடன் வாங்குபவர்கள் யோசித்துச் செய்யுங்கள். சரிவு, பாதையின் அகலம், மண் சரிந்த தடம் எல்லாவற்றையும் படமெடுத்து வைத்திருங்கள்.

கேள்வி: கூடலூரில் பட்டா இல்லாத பிரிவு 17 நிலம். முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதித் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களில், தலைமுறையாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்குப் போராடுகிறார்கள். விற்பவரிடம் இல்லாத உரிமையை எந்த முத்திரைத்தாளும் உங்களுக்குத் தராது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவானால்தான் செல்லும். முன்பணம் கொடுத்திருந்தால் ஒப்பந்தத் தாளோடு உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டுமா? (மஞ்சூர்)

பதில்: வேண்டாம். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு உங்கள் விருப்பம்தான், ஆனாலும் செய்துவிடுங்கள். உங்களைவிட வயதில் இளையவர்களைச் சாட்சியாக வையுங்கள்.