பழைய டேப் ரெக்கார்டரின் மெக்கானிசம் (மோட்டார், ரோலர், ஹெட் உள்ள ஓடும் பாகம்) மட்டும் கையில் இருக்கிறது. ப்ளே, ரெக்கார்ட் சர்க்யூட்டுகளை நாமே கட்ட முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் ப்ளேவை முதலில் கட்டுங்கள். ரெக்கார்ட் ஆனது சரியா தப்பா என்று காட்டப்போவதே அந்த ப்ளே சர்க்யூட்தான்.

நான் தண்டையார்பேட்டை. எங்கள் பக்கத்துக் காயலான் கடைகளுக்கு டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த) செட்டுகள் இன்னும் எடைக்கு வருகின்றன. போர்டு எரிந்திருக்கும், மெக்கானிசம் நன்றாகவே இருக்கும். வாங்கும்போது ஹெட்டின், அதாவது டேப் உரசி ஓடும் காந்தத் தலையின், முகத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் வேண்டாம். பெல்ட், ரப்பர் ரோலர் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து ஹெட்டைத் தொடவே கூடாது. அந்த டிசி கரண்டில் ஹெட்டுக்குக் காந்தம் ஏறி, ஓடும் டேப்பிலெல்லாம் இரைச்சல் சேரும்.

ஹெட்டிலிருந்து வருவது அரை மில்லிவோல்ட்கூட இருக்காது. அதுவும் ஸ்வரம் ஏற ஏற வோல்டேஜும் ஏறும். அதனால் வெறுமனே பெருக்கினால் பேஸ் இல்லாமல் கீச்சென்று கேட்கும். பேஸை எவ்வளவு தூக்க வேண்டும் என்பதற்கு, சாதா டேப்புக்கு 3180, 120 மைக்ரோசெகண்ட் (ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் பெருக்கினால் வரும் நேரம்) என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் என்இ5532 என்ற ஆப்-ஆம்ப் (பெருக்கி) ஐசியை வாங்கி, அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 12 கே, 10 நானோஃபாரட் இரண்டையும் சீரியலில் போட்டு, அந்த ஜோடிக்குப் பேரலலாக 330 கே வையுங்கள். மைனஸிலிருந்து கிரவுண்டுக்கு 100 ஓம்ஸும் 100 மைக்ரோஃபாரட்டும் சீரியலில். ஹெட்டை ப்ளஸ் இன்புட்டில் ஒரு கெப்பாசிட்டர் வழியாகவே சேர்க்க வேண்டும். மோட்டாருக்குத் தனி சப்ளை கொடுத்தால் அதன் உறுமல் உள்ளே வராது.

பிறகு அசிமத், அதாவது டேப்புக்கு எதிரே ஹெட் நிற்கும் சாய்வு. ஹெட்டின் ஓரத்தில் ஸ்ப்ரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடிய கானாவை யாரோ ஒரு செட்டில் பிடித்த கேசட் ஒன்று வந்தது. டேப்கட்டை என்ற தாளக் கருவியின் சத்தம் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் அமுங்கிக் கிடந்தது. ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பியதும் ஒவ்வொரு விரலடியும் பிரிந்து கேட்டது. பதிவான செட்டின் சாய்வு எதுவோ அதற்கு நம் ஹெட் ஒத்துப்போக வேண்டும். கேசட்டுக்குக் கேசட் திருப்பித்தான் ஆகவேண்டும். வட சென்னைக் கானா எவ்வளவோ இப்படி ஒற்றைக் கேசட்டில்தான் இருக்கிறது, அதனால் இந்த வேலையில் சோம்பல் படாதீர்கள்.

ரெக்கார்டிங்கின் உயிர் பயாஸ். அதாவது பாட்டோடு, காதுக்குக் கேட்காத 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலையையும் ஹெட்டுக்குள் விட வேண்டும். குறைந்தால் குரல் கரகரக்கும், கூடினால் ‘ஸ’ ஓசைகள் செத்துவிடும். ஒரு ப்ரீசெட் (திருப்பி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வைத்து, பதிவு செய்து, கேட்டு, மறுபடி திருப்புங்கள். பாட்டை ஹெட்டுக்கு 33 கே போன்ற பெரிய ரெசிஸ்டர் வழியாக அனுப்புங்கள். ஹெட்டின் இம்பீடன்ஸ் ஏறினாலும் கரண்ட் மாறாது. பயாஸ் திரும்பி ஆம்ப்ளிஃபயருக்குள் போகாமல் கம்பிச்சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஒரு ட்ராப் (தடுப்பு) அவசியம். விலை குறைந்த பழைய செட்டுகளில் இதெல்லாம் கிடையாது. டிசி பயாஸும், அழிப்பதற்கு ஒரு காந்தத் துண்டும்தான்.

அந்தக் காந்தத்திடம் ஜாக்கிரதை. சர்க்யூட்டில் ஒரு ஒயர்கூட மாட்டாவிட்டாலும் ரெக்கார்ட் பட்டன் அழுந்தி மோட்டார் ஓடினால் டேப் அழிந்துவிடும். பழைய கேசட் போடும் மெக்கானிசத்தில் அதை முதலிலேயே கழற்றிவிடுங்கள்.