கூண்டில் நிற்பவருக்குக் கேட்க வேண்டும்

ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்

கேள்வி: என் தம்பி மேல் ஓர் அடிதடி வழக்கு. ஐந்து வருடம் வாய்தா வாய்தாவாக அலைந்தோம். தீர்ப்பு நாளில் நீதிபதி குனிந்த தலை நிமிராமல் தாளைப் பார்த்து வாசித்தார். இரண்டே நிமிடம். ஃபேன் சத்தத்தில் ஒன்றுமே காதில் விழவில்லை. வெளியே வந்து வக்கீல் குமாஸ்தா சொன்ன பிறகுதான் விடுதலை என்று தெரிந்து அழுதோம். தீர்ப்பை எப்படிச் சொல்ல வேண்டும் என்று நீதிபதிகளுக்குப் பயிற்சி கிடையாதா? — ஒரு வாசகி, பெரியகுளம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் இதே தவறைச் செய்தவன் என்பதால் அது என்னைச் சும்மா விடவில்லை.

மாஜிஸ்திரேட்டாகச் சேர்ந்த முதல் வருடம். ஒரு திருட்டு வழக்கு. நான் வாசித்த கடைசி வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருந்தது: 'அரசுத் தரப்பு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தவறியதால், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து, இ.த.ச. 379 பிரிவின் கீழான குற்றத்துக்கு எதிரி குற்றவாளி இல்லை என முடிவு செய்து, கு.வி.மு.ச. 248(1) பிரிவின்படி விடுதலை செய்து தீர்ப்பளிக்கப்படுகிறது.' (இ.த.ச. என்பது இந்திய தண்டனைச் சட்டம், கு.வி.மு.ச. என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம். 'எதிரி' என்றால் கோர்ட் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர்.) வாசித்துவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்தேன். கூண்டில் இருந்தவர் இறங்கவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் மெதுவாக, "எத்தனை வருஷம்ங்க?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்று இரவு அந்த வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். எழுத்தில் அது பரவாயில்லை, கண் முன்னும் பின்னும் போய் வரும். காதுக்கு அந்த வசதி இல்லை. 'சந்தேகம்', 'குற்றம்', 'எதிரி', 'குற்றவாளி' என்று பயமுறுத்துகிற சொற்களையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் 'விடுதலை' வருகிறது. அதற்குள் கேட்பவருக்குக் காது அடைத்துப் போயிருக்கும். 'குற்றவாளி இல்லை' என்பது இன்னும் ஆபத்து. அந்த 'இல்லை'யை ஃபேன் விழுங்கிவிட்டால் மிஞ்சுவது 'குற்றவாளி'.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். தீர்ப்பு சொல்லும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லி நீதிமன்ற ஊழியரான டபேதாரிடம் கண் காட்டுவேன். கூண்டில் நிற்பவரைப் பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்களை விடுதலை செய்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்" என்று ஆரம்பிப்பேன். முடிவை முதலில் சொல்லக் கூடாது, கூச்சல் வரும், காரணம் சொல்லிவிட்டுத்தான் முடிவுக்கு வரவேண்டும் என்பார்கள் என் மூத்த சகாக்கள் சிலர். சிவில் வழக்கில் அதை ஓரளவு ஒத்துக்கொள்வேன். கிரிமினல் வழக்கில் மாட்டேன். உள்ளேயா வெளியேயா என்று தெரியாமல் நிற்கிற மனிதர் காரணங்களைக் கேட்கிற நிலையில் இருக்க மாட்டார்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். சென்னையில் தமிழ்நாடு மாநில நீதித்துறை பயிலகம் இருக்கிறது. கோவையிலும் மதுரையிலும் அதற்கு மையங்கள் உண்டு. தீர்ப்பு எழுதுவது அங்கே நன்றாகவே கற்றுத் தரப்படுகிறது. எழுதியதை வாயால் சொல்வதற்குத் தனியாகப் பழக்க வேண்டும் என்பது என் கட்சி. புதிய நீதிபதிகளுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டபோதெல்லாம் ஒரே பயிற்சிதான் கொடுப்பேன். சின்ன வழக்குக் கட்டு ஒன்று, படிக்க அரைமணி நேரம், குறிப்புக்கு அரைத்தாள். அதில் எழுவினாக்களையும் (வழக்கில் தீர்க்க வேண்டிய கேள்விகள்) முடிவையும் மட்டும் எழுதலாம். பிறகு ஆறு நிமிடம் பேச வேண்டும். கேட்பதற்குச் சட்டம் படிக்காத ஒருவரை உட்கார வைப்பேன். ஒருமுறை சமையல்கூடத்தில் வேலை செய்த அம்மா வந்தார். பேசி முடித்ததும் அவரிடம் இரண்டு கேள்வி: யார் ஜெயித்தார்கள்? ஏன்?

அந்த அம்மா திருப்பிக் கேட்டார்: "எல்லாம் சரிங்க, அந்த 'அ.சா. ஒன்று' யாரு?" அரசுத் தரப்பு முதல் சாட்சியை நாங்கள் அப்படித்தான் எழுதுவோம். வகுப்பே அமைதியாகிவிட்டது. மறுமுறை பேசியபோது அந்த இளம் நீதிபதி 'பக்கத்துக் கடைக்காரர்' என்றார். அவ்வளவுதான் மாற்றம், கதை மொத்தமும் விளங்கிவிட்டது.

இன்னொன்றும் சொல்லித் தருவேன். ஜெயித்தவருக்கு முடிவே போதும். காரணம் தோற்றவருக்குத்தான் வேண்டும். ஆகவே அவர் தரப்பின் பலமான வாதத்தை அவரே ஒத்துக்கொள்கிற மாதிரி எடுத்துச் சொல்லிவிட்டு, அது ஏன் நிற்கவில்லை என்று சொல்ல வேண்டும். உபதேசம் கூடாது. பேச்சைப் போனில் பதிவு செய்து அவர்களையே கேட்க வைப்பேன். அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

சட்டமும் உங்கள் பக்கம்தான் அம்மா. முழுத் தீர்ப்பையும் வாசிக்காமல் முடிவுப் பகுதியை மட்டும் வாசித்தால், அதன் சாரத்தை எதிரிக்கோ அவர் வக்கீலுக்கோ புரிகிற மொழியில் விளக்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 353-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 392-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. 'வக்கீலுக்குப் புரிந்தால் போதும்' என்று அதை வாசிப்பவர்கள் உண்டு. நான் அப்படி வாசித்ததில்லை.

கேள்வி: சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிக்கிறேன். இங்கிலாந்தில் வாதம் முடிந்ததும் அங்கேயே வாயால் தீர்ப்பு சொல்லிவிடுகிறார்களாமே, நாமும் செய்தால் என்ன? — ஓர் இளம் வழக்கறிஞர், பாளையங்கோட்டை

பதில்: அங்கே நீதிபதி பேசியதைப் பதிவிலிருந்து எழுத்தாக்கி, பிறகு அவர் சரிபார்ப்பார். நம் ஊரிலும் உயர் நீதிமன்ற நீதிபதிகள் திறந்த மன்றத்திலேயே ஸ்டெனோவுக்குச் சொல்லி எழுத வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். கீழமை நீதிமன்றத்தில், சிவில் வழக்கில் அப்படிச் செய்ய உயர் நீதிமன்றம் அந்த நீதிபதிக்குத் தனியாக அதிகாரம் தந்திருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 20, விதி 1-ஐப் பாருங்கள். எழுதிய தீர்ப்பாக இருந்தால் ஒவ்வோர் எழுவினாவின் முடிவையும் இறுதி உத்தரவையும் வாசித்தால் போதும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

தீர்ப்பைத் தயாரிக்காமலே முடிவை மட்டும் மன்றத்தில் அறிவிப்பது வேறு விஷயம். கர்நாடகத்தில் ஒரு நீதித்துறை அலுவலர் அப்படிச் செய்த விவகாரத்தில், முழுத் தீர்ப்பும் தயாராகாமல் முடிவுப் பகுதியை அறிவிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கண்டிப்பாகச் சொன்னது.

வாயால் சொல்வதற்கு எவ்வளவு கனம் என்று தெரிய சுரேந்திர சிங் வழக்கைப் படியுங்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில் இரண்டு நீதிபதிகள் கேட்ட மேல்முறையீடு அது. தீர்ப்பு எழுதிக் கையெழுத்திட்ட ஒரு நீதிபதி, அது மன்றத்தில் சொல்லப்படும் முன், 1952 டிசம்பரில் இறந்துபோனார். மற்றவர் ஜனவரியில் அதை வாசித்தார். அது தீர்ப்பே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். மன்றத்தில் சொல்லப்படும் நொடி வரை நீதிபதி மனதை மாற்றிக்கொள்ளலாம். இறந்தவருக்கு அது முடியாதே. அதுவரை கையில் இருப்பது வரைவுதான்.

பயிற்சிக்கு ஒரு வழி: தினமும் ஒரு பழைய தீர்ப்பை எடுத்து, தாளை மூடிவிட்டு, உங்கள் வீட்டில் யாருக்காவது ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். பிரிவு எண் ஒன்றுகூட வரக் கூடாது.

கேள்வி: சிறையில் இருப்பவருக்கு வீடியோவிலேயே தீர்ப்பு சொல்லலாமாமே, உண்மையா? — வாசகர், கடலூர்

பதில்: உண்மைதான், புதிய சட்டம் அனுமதிக்கிறது. தண்டனைத் தீர்ப்பாக இருந்தால் நேரில் வரவழைத்துச் சொல்வதையே நான் விரும்புவேன். வீடியோதான் என்றால், முதலில் "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்க வேண்டும், அவர் வாயாலேயே 'கேட்கிறது' என்று பதில் வர வேண்டும். தலையாட்டலை நம்பக் கூடாது; படம் உறைந்துபோயிருக்கலாம். சொல்லி முடித்ததும், "உங்களுக்கு என்ன புரிந்தது, சொல்லுங்கள்" என்று கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.