தேர்தல் முடியும் வரை வீடு வாங்காமல் காத்திருக்கலாமா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, சேலம் அம்மாபேட்டையில் 9,500 ரூபாய் வாடகையில் குடியிருக்கிறோம். நான் தனியார் நிறுவனமொன்றில் கணக்கர். கைக்கு வருவது மாதம் 40,000 ரூபாய். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. அவருக்கு 22,000 ரூபாய். பிடித்தங்களையும் சேர்த்தால் இருவரின் ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்குச் சற்று மேல். வாடகை போக வீட்டுச் செலவு 28,000 ரூபாய் ஆகிறது. வங்கி டெபாசிட்டில் 13 லட்சமும் வீட்டில் 12 பவுன் நகையும் உள்ளன. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு தனி வீட்டை 38 லட்சம் சொல்கிறார்கள். அலுவலகத்தில் ஒரு நண்பர், வீட்டு விலை இப்படி ஏறியதற்கு டெல்லியின் கொள்கைதான் காரணம், ஆட்சி மாறினால் இறங்கும், பொறு என்கிறார். இன்னொருவர், இந்த ஆட்சியில்தான் வட்டி குறைந்தது, உடனே வாங்கு என்கிறார். என் மச்சானோ, ஓமலூர் பக்கம் விமான நிலையம் விரிவடையப் போகிறது, வீட்டை விட்டுவிட்டு மனை வாங்கிப் போடு என்கிறார். எங்களைப் போன்றவர்களை எந்த அரசும் நினைப்பதில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: யார் ஆள வேண்டும் என்பதை வாக்குச்சீட்டில் தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது, அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் உங்கள் நண்பர்கள் இருவரும் ஆட்சியின் கணக்கில் எழுதுகிற தொகைகளில் எவை உண்மையாகவே உங்கள் வீட்டைத் தொடுகின்றன, எவ்வளவு ரூபாய்க்குத் தொடுகின்றன என்று பார்த்துவிடலாம்.

முதலில் வட்டி. 2022 மே மாதத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி; வீட்டுக் கடன் வட்டியும் இதையொட்டியே மாறும்), 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதத்துக்கு ஏறியது. பிறகு 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. 25 லட்ச ரூபாயை 20 ஆண்டுக் கடனாக வாங்கிய ஒருவருக்கு அந்த ஏற்றம் முழுவதும் சேர்ந்து, வட்டி 6.75 சதவீதத்திலிருந்து 9.25 சதவீதத்துக்குப் போயிருந்தால், மாதத் தவணை ஏறத்தாழ 19,000 ரூபாயிலிருந்து 22,900 ரூபாயாகியிருக்கும். இந்த ஏற்றமும் இறக்கமும் நடந்த காலம் முழுவதும் மத்தியில் ஒரே பிரதமர்தான் இருந்தார் என்பதை இரண்டு நண்பர்களுமே கவனிக்கவில்லை. ரெப்போவைத் தீர்மானிப்பது ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு. அவர்களில் மூவரை மத்திய அரசு நியமிக்கிறது, எட்ட வேண்டிய பணவீக்க இலக்கையும் 4 சதவீதம் என்று அரசுதான் நிர்ணயித்திருக்கிறது. ஆகவே அரசுக்குச் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் 2022-ல் வட்டியை ஏற்றியது உக்ரைன் போருக்குப் பின் எண்ணெயும் உணவுப் பொருளும் விலை ஏறியதுதான். இறக்கியது அந்த விலையேற்றம் தணிந்ததுதான். உங்கள் கடன் 20 ஆண்டுகள் ஓடும். அதற்குள் வட்டி இரண்டு மூன்று முறையாவது ஏறி இறங்கும். இன்றைய விகிதத்தைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். வட்டி ஒன்றரை சதவீதம் கூடினாலும் தவணை கட்ட முடியுமா என்பதை மட்டும் பாருங்கள்.

அடுத்து, பலரும் டெல்லியைத் திட்டிக்கொண்டே சென்னைக்குக் கட்டும் பணம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், வழிகாட்டி மதிப்பு (பத்திரப் பதிவுக்காக ஒவ்வொரு இடத்துக்கும் அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பு) மூன்றும் மாநில அரசின் கையில் இருப்பவை. சொத்து வரி மாநகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ போகிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணம் 4 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. 7 சதவீத முத்திரைத் தீர்வையுடன் சேர்த்து 11 சதவீதமாக இருந்தது 9 ஆயிற்று. ஆனால் அதே நாளில், 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டிருந்த வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்கு உயர்த்தப்பட்டது. 6.7 லட்சம் வழிகாட்டி மதிப்புள்ள மனைக்கு 11 சதவீதமாக 73,700 ரூபாய் கட்டி வந்தவர், அதே மனைக்கு 10 லட்சம் மதிப்பில் 9 சதவீதமாக 90,000 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. விகிதம் குறைந்தது, தொகை கூடியது. இப்படிப்பட்ட அறிவிப்பு எந்தக் கட்சியிடமிருந்து வந்தாலும், விகிதத்தை மட்டும் படித்துவிட்டு மகிழ்ந்துவிடாதீர்கள். உங்கள் 38 லட்சத்தையும் பத்திரத்தில் முழுமையாகக் காட்டினால் 9 சதவீதம் என்பது 3,42,000 ரூபாய்.

‘வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்’ என்று விற்பவர் சொல்லக்கூடும். வேண்டாம். வங்கி பத்திர மதிப்பைப் பார்த்துத்தான் கடன் தரும். நாளை நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிந்து மூலதன ஆதாய வரி கூடும். வீட்டு விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுபவருக்கு, பெற்ற தொகை அளவுக்கே அபராதம் விதிக்கவும் வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

ஜி.எஸ்.டி. பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கட்டி முடித்து நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கும், வெறும் மனைக்கும் அந்த வரி கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது உண்மைதான். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு ஏறத்தாழ 400 மூட்டை பிடிக்கும், மூட்டை 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரிக்குறைப்பு முழுவதும் உங்களை வந்தடைந்தாலும் மிச்சம் 11,000 ரூபாய் அளவுதான். வீட்டுக் கடன் வாங்கினால் வருமான வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், அது உங்களுக்குப் பொருந்தாது: 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை, உங்கள் இருவரில் எவரும் அந்த எல்லையை நெருங்கவில்லை.

உங்களைப் போன்றவர்களை எந்த அரசும் நினைப்பதில்லை என்றீர்கள். உங்களுக்கு நேராகப் பொருந்தும் ஒரு மத்தியத் திட்டம் இருக்கிறது; 38 லட்ச வீட்டை வாங்கினால் அதை இழப்பீர்கள். பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் உள்ள, நாட்டில் எங்கும் சொந்தக் கட்டட வீடு இல்லாத குடும்பத்துக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்தையும் கடன் 25 லட்சத்தையும் தாண்டக் கூடாது. கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம் என்று கணக்கிட்டு, அதிகபட்சம் 1,80,000 ரூபாயை ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவு வைக்கிறார்கள். இது நகர்ப்புறத் திட்டம் என்பதால், நீங்கள் பார்க்கும் இடம் அதன் எல்லைக்குள் வருகிறதா என்று வங்கியில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.

இனி உங்கள் கணக்கு. 38 லட்சம், பதிவுச் செலவு 3.42 லட்சம், வக்கீல், வங்கி, குடிபோகும் செலவு என்று அரை லட்சம். மொத்தம் ஏறத்தாழ 42 லட்சம். கையிலுள்ள 13 லட்சத்தையும் போட்டுவிட்டு 29 லட்சம் கடன் வாங்கினால், 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதம் 24,250 ரூபாய் கட்ட வேண்டும். அவசரத்துக்கு நகையைத் தவிர ஒன்றும் இருக்காது. அதற்குப் பதிலாக 32 லட்சத்துக்குள் ஒரு வீடு கிடைத்தால், எல்லாச் செலவும் சேர்த்து 35.4 லட்சம் ஆகும்; 25 லட்சம் கடனுக்குத் தவணை ஏறத்தாழ 20,900 ரூபாய்; கையில் 2.6 லட்சம் மிஞ்சும், நகையும் அப்படியே இருக்கும், மானியத்துக்கும் மனுச் செய்யலாம். தவணையும் வீட்டுச் செலவும் போக மாதம் 13,000 ரூபாய் நிற்கும். மாறும் வட்டிக் கடனில் தனிநபர் முன்கூட்டி அசலைக் கட்டுவதற்கு அபராதம் இல்லை என்பதால், நல்ல மாதங்களில் அந்தப் பணத்தை அங்கே செலுத்தலாம். என் விருப்பம் இந்த இரண்டாவது வழிதான். உங்கள் மனைவியின் பள்ளி வேலைக்கு இடையூறு வந்தால் முதல் வழியில் உங்கள் ஒருவர் சம்பளம் செலவுக்கும் தவணைக்கும் மாதம் 12,000 ரூபாய்க்கு மேல் பற்றாமல் போகும். இரண்டாவது வழியில் பற்றாக்குறை 9,000 ரூபாய் அளவு, அதைச் சமாளிக்கக் கையிருப்பும் இருக்கும்.

காத்திருப்பதை நான் தவறென்று சொல்லவில்லை. 32 லட்சத்தில் மனதுக்குப் பிடித்தது அகப்படவில்லையென்றால், இன்னும் ஒன்றரை ஆண்டு வாடகையிலேயே இருந்து இப்போது சேமிப்பது போல மாதம் 24,500 ரூபாய் சேர்த்தால் வட்டி நீங்கலாக நான்கு லட்சத்துக்கு மேல் கூடும். அப்படிக் காத்திருப்பதற்குக் கணக்கு உண்டு. 2029 மக்களவைத் தேர்தலுக்காகக் காத்திருப்பதற்கு எனக்கு எந்தக் கணக்கும் தெரியவில்லை. நம் ஊரில் தறியிலும் வெள்ளிக் கொலுசுத் தொழிலிலும் சம்பாதித்தவர்கள் பலர் மிச்சப் பணத்தை மனையில்தான் போடுகிறார்கள்; அவசரமில்லாத அவர்கள் விலை இறங்கினால் விற்க மாட்டார்கள், சும்மா வைத்திருப்பார்கள். டெல்லியில் யார் அமர்ந்தாலும் இந்தப் பழக்கம் மாறாது.

மச்சானிடம் வருகிறேன். சேலம் விமான நிலையத்தில் 2018-ல் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் தொடங்கிய சேவை இடையில் நின்று, 2023 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. அதே 2018-ல் பரபரப்பான சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அதன் பிறகும் சாலை உடனே வந்துவிடவில்லை. அரசு அறிவிப்பை நம்பி மனை வாங்குபவர், திட்டம் வந்தால் தம் மனையே நில எடுப்பில் போகலாம், வராவிட்டால் பணம் முடங்கலாம் என்ற இரண்டு பக்க ஆபத்தையும் ஏற்கிறார். ஏற்காட்டில் காபித் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்பதாக வரும் விளம்பரங்களுக்கும் இதே எச்சரிக்கைதான். மலைப்பகுதியில் மனைப் பிரிவுக்கும் கட்டடத்துக்கும் தனி அனுமதி வேண்டும். வாடகை கட்டிக்கொண்டே மனைக்கும் தவணை கட்டும் நிலையில் நீங்கள் இல்லை.

எந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தாலும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, மனைப் பிரிவு அங்கீகாரம், கட்டட அனுமதி ஆகியவற்றை வங்கியின் வக்கீலோடு நிறுத்திவிடாமல் உங்கள் செலவில் வேறொரு வக்கீலிடமும் காட்டுங்கள். அயோத்தியாப்பட்டணத்து வீட்டுக்காரரிடம் மூன்று லட்சம் குறைத்து 35 லட்சத்துக்குத் தருவாரா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சம்மதித்தால் மானியத்தின் வரம்புக்குள் வரும். ஆனால் 25 லட்சக் கடன் போக உங்கள் பங்கு 13.65 லட்சமாகும், அதனால் நான்கைந்து மாத அவகாசமும் சேர்த்துக் கேளுங்கள்.