துப்பாக்கி வன்முறைக்கு எதிரான இயக்கங்களில் சாதாரண மக்கள் சேர்வதால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா?

நடக்கிறது. எனக்கே இதை நம்ப இரண்டு மூன்று வருடம் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். 2021 நவம்பர் 30 அன்று இங்கே ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் ஒருவன் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். செய்தியைப் பார்த்தேன், அழுதேன், வாட்ஸ்அப் குழுவில் மெழுகுவர்த்திப் படம் போட்டேன். அதோடு சரி. என்னை நகர்த்தியது வேறு ஒரு சின்ன விஷயம்.

அதற்கு ஒரு மாதம் கழித்து வீட்டில் பிள்ளைகள் கண்ணாமூச்சி விளையாடினார்கள். என் மகளை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். அறைக் கதவின் கீல் பக்கம், கதவுக் கண்ணாடியிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சுச் சத்தம்கூட இல்லை. "எங்கடி கத்துக்கிட்ட இப்படி ஒளிய?" என்றேன். "ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க" என்றாள். யாராவது துப்பாக்கியோடு நுழைந்தால் எப்படி ஒளிய வேண்டும் என்று பள்ளியில் நடத்தும் லாக்டவுன் ஒத்திகையைத்தான் சொன்னாள். எட்டு வயது.

அடுத்த வாரம் நூலகத்தில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனேன். பெரிய கூட்டமாக இருக்கும் என்று நினைத்தால், மடக்கு நாற்காலிகளில் ஏழு பேர். கொள்கை விளக்கமோ உணர்ச்சிகரமான பேச்சோ எதுவும் இல்லை. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்து, பிளாஸ்டிக் பையில் ஒரு கேபிள் பூட்டும் ஒரு துண்டறிக்கையும் போட்டு ஒட்டச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் அதைத்தான் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி: "நாம விசால இருக்கோம், நமக்கு எதுக்கு இந்த வம்பு?"

நியாயமான கேள்விதான். எங்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது, தேர்தல் நிதி கொடுக்கவும் கூடாது. ஆனால் பூட்டைப் பையில் போட, மனுவில் கையெழுத்துப் போட, சட்டமன்றக் கமிட்டி முன் பேச குடியுரிமை கேட்பதில்லை. ஊர்வலத்துக்குப் போவது மட்டும் அவரவர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அதில் நான் யாருக்கும் தைரியம் சொல்ல மாட்டேன்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பி, ஒரு முனையில் சின்னப் பூட்டு, அவ்வளவுதான். கைத்துப்பாக்கி என்றால் முதலில் தோட்டாக்களை எடுத்துவிட வேண்டும். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, காலித் தோட்டா தெறிக்கும் வாய் வழியாகக் கம்பியை விட்டு, தோட்டாப் பெட்டியான மேகசினைச் செருகும் பிடிக்குள்ளிருந்து வெளியே எடுத்துப் பூட்ட வேண்டும். பூட்டிய பிறகு அது வெறும் இரும்பு. எங்களுக்கு இதைச் செய்து காட்டியவர் ஒரு வேட்டைக்காரர். ஆமாம், எங்கள் குழுவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மிச்சிகனில் நவம்பர் 15 துப்பாக்கியால் மான் வேட்டை தொடங்கும் நாள், பலருக்கு அது திருவிழா மாதிரி. அன்றைக்கு இவரை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட முடியாது. 'துப்பாக்கிக்கு எதிரானவர்கள்' என்று எங்களைச் சொல்லும்போது அதிகம் எரிச்சல்படுவதும் இவர்தான்.

இந்தச் சின்னப் பூட்டு எதைத் தடுக்கும் என்று எனக்கும் முதலில் இளக்காரமாகத்தான் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டு வழக்கு விசாரணையைத் தொடர்ந்து படித்த பிறகு அது போய்விட்டது. அந்தத் துப்பாக்கியைச் சுட்ட மாணவனின் அப்பா வாங்கியது சம்பவத்துக்கு நான்கே நாள் முன்பு. போலீஸ் அந்த வீட்டைச் சோதனை போட்டபோது கேபிள் பூட்டு ஒன்று கிடைத்தது, உறைகூடப் பிரிக்காமல். பெற்றோர் இருவரையும் 2024-இல் நடுவர் குழுக்கள் குற்றவாளிகள் என்று தீர்மானித்தன. ஆளுக்குக் குறைந்தது பத்து ஆண்டு சிறை. பிள்ளை பள்ளியில் நடத்திய படுகொலைக்காகப் பெற்றோரை இப்படித் தண்டித்தது அமெரிக்காவில் அதுவே முதல் முறை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேல்! இதைப் பற்றித் தொலைக்காட்சியில் விவாதம் நடந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வேட்டைக்காரர் தன் தம்பியை அப்படித்தான் இழந்தார். "அன்னைக்கு ராத்திரி அவன் சாவியைத் தேடிக்கிட்டு இருந்திருந்தா நான் போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சரி, எங்கள் வேலையில் கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். சட்டமன்றம் எல்லாம் சுலபம். இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையை விளையாட அனுப்பும் முன் "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்பதுதான் கஷ்டம். இங்கே குழந்தை மருத்துவர்களே பெற்றோரைக் கேட்கச் சொல்லும் கேள்வி இது. ஆனால் நம் வளர்ப்புக்கு இது வாயிலேயே வராது. ஒருவர் வீட்டுக்குப் போய், காபி குடித்துவிட்டு, இதைக் கேட்பதா?

நான் முதலில் கேட்டதே ஒரு தமிழ் வீட்டில்தான். எங்களுக்கு நெருக்கமான குடும்பம், அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். 2020-இல் ஊரடங்கு, கலவரச் செய்திகள் என்று பயந்து நாடு முழுக்கத் துப்பாக்கி வாங்கினார்கள் அல்லவா, அப்போது நம் ஆட்களிலும் சிலர் வாங்கினார்கள் என்று கேள்வி. ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன்: "அண்ணா, வீட்டுல துப்பாக்கி எதுவும் இருக்கா?"

"ஏம்மா, யாரையாவது சுடணுமா?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றதும் மேஜை அமைதியாகிவிட்டது. "இருக்கு, பத்திரமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி போன் செய்தாள். "அக்கா, அது பூட்டெல்லாம் இல்லக்கா. அலமாரி மேல் தட்டுல, போர்வைக்கு அடியில இருக்கு. பசங்களுக்குத் தெரியாதுன்னு இவர் நினைச்சிக்கிட்டு இருக்கார். சின்னவன் ஏறி எடுக்காத பொருள் இந்த வீட்ல என்ன இருக்கு?" ஒரு பூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்கு அதைத் தொடவே பயம். மறுவாரம் அவர் பூட்டிவிட்டதாக அவள்தான் சொன்னாள். அவர் என்னிடம் இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பார்த்தால் பனி எப்போது நிற்கும் என்று பேசிக்கொள்கிறோம். முன்பிருந்த நெருக்கம் போய்விட்டது என்பது உண்மை. வருத்தம்தான், ஆனால் அந்தச் சின்னவன் இன்னும் எல்லாவற்றின் மேலும் ஏறுகிறான்.

சட்டம் மாறியதா என்றும் கேட்பீர்கள். இங்கே மாறியது, ஆனால் மாறிய விதத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு நடந்த உடனே எதுவும் மாறவில்லை. துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் மசோதா சட்டமன்றத்தில் விவாதத்துக்கே வராமல் கிடந்தது. 2022 நவம்பர் தேர்தலில் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் வந்தன, கவர்னர் பதவி ஏற்கெனவே அவர்களிடம்தான் இருந்தது. மூன்றும் அவர்களிடம் சேர்ந்தது ஏறத்தாழ நாற்பது வருடத்தில் முதல் முறை. 2023 பிப்ரவரி 13 அன்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் பூட்டி வைக்கச் சொல்லும் மசோதாவில் கவர்னர் கையெழுத்திட்டார். சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 பிப்ரவரி 13, அந்தச் சம்பவம் நடந்து சரியாக ஒரு வருடம். சிறுவர்கள் இருக்கக்கூடிய இடத்தில் துப்பாக்கியைக் கவனிப்பில்லாமல் விட்டுப் போவதானால் பூட்டிய பெட்டிக்குள் வைக்க வேண்டும், அல்லது தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டுப் போட்டாக வேண்டும் என்பது சாரம்.

இதில் எங்கள் பங்கு என்ன? தேர்தல் முடிவை நாங்கள் கொண்டுவந்தோம் என்று சொன்னால் அது பீற்றல். ஆனால் உலை கொதிக்கும் நேரத்தில் அரிசியைத் தேடிக் கடைக்கு ஓட முடியாது. மசோதாவின் வாசகம், ஆதரவு தரும் ஷெரிஃப்கள் (உள்ளூர் போலீஸ் தலைவர்கள்), பேசத் தயாரான குடும்பங்கள், எந்த உறுப்பினர் தயங்குகிறார் என்ற பட்டியல், எல்லாம் முன்பே கையில் இருந்தன. வருடக்கணக்காக யாரும் கேட்காத கூட்டங்களில் உட்கார்ந்தவர்கள் சேர்த்து வைத்தது அது. அதில் பாதிப் பேர் நான் சேர்வதற்கு முன்பே சலித்து விலகிவிட்டார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.

என் சொந்தப் பங்களிப்பைக் கேட்டால் சிரிப்பீர்கள். கமிட்டி விசாரணைக்குத் தலைநகர் லான்சிங் போனேன். இரண்டு நிமிடப் பேச்சைக் காரில் போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன், கண்ணாமூச்சிக் கதையோடு. பேச விரும்புகிறேன் என்று அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தேன். என் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. 'ஆதரவு, பேச வாய்ப்பில்லை' என்ற வரிசையில் என் பெயரும் வாசிக்கப்பட்டது. அவ்வளவுதான். நான் பேசாமலேயே மசோதா நிறைவேறியது. அந்தப் பேச்சை முதல் முறையாக இப்போதுதான் யாரிடமோ சொல்கிறேன், உங்களிடம்.

காலக்கணக்கு வேண்டுமானால் பழைய உதாரணம் ஒன்று. 1981 மார்ச் 30 அன்று அதிபர் ரீகனைச் சுட்டபோது அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்குத் தலையில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், ஆனால் மிச்ச வாழ்க்கை சக்கர நாற்காலியில். அவர் மனைவி சாரா பிரேடி துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் சட்டம் கேட்டுப் போராடினார். இத்தனைக்கும் கணவர் வேலை பார்த்தது வெள்ளை மாளிகையில், கட்சி ஆளுங்கட்சி. அப்படியும் பிரேடி சட்டம் கையெழுத்தானது 1993 நவம்பரில்தான். பன்னிரண்டு வருடம்! ஸ்காட்லாந்தின் டன்பிளேனில் 1996 மார்ச்சில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்டபோது, அங்கே ஊர் மக்கள் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் ஏழு லட்சம் பேர் சேர்ந்தார்கள், 1997-க்குள் பிரிட்டனில் கைத்துப்பாக்கி அநேகமாக முழுக்கத் தடையானது. அந்த மார்ச்சில் பூத்திருந்த பனித்துளிப் பூவின் பெயரையே இயக்கத்துக்கு வைத்தார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்டு மனம் உடைந்துபோவது சுலபம். அரசியலமைப்பே துப்பாக்கி வைத்திருப்பதை உரிமை என்று சொல்லும் நாட்டில் வேலை வேறு மாதிரிதான் நடக்கும்.

எங்களைப் போன்ற குழுக்களின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பள்ளியில் சுட்டால் கேமராவும் கூட்டமும் வருகிறது. நகரத்தின் ஏழைப் பகுதியில் வாரம் தவறாமல் கறுப்பின இளைஞர்கள் சாகும்போது எங்கள் கூட்டத்தில் அதே ஏழு பேர்தான். ஜூன் மாதம் துப்பாக்கிக்குப் பலியானவர்கள் நினைவாக எல்லோரும் ஆரஞ்சு உடை உடுத்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது ஹாடியா பெண்டில்டன் என்ற 15 வயது சிகாகோ சிறுமியின் நண்பர்கள். 2013 ஜனவரியில் பூங்காவில் நின்றிருந்தவளை யாரோ என்று நினைத்துச் சுட்டுவிட்டார்கள். காட்டில் வேட்டைக்காரர்கள் 'என்னைச் சுடாதே' என்று காட்ட அணியும் நிறம் ஆரஞ்சு. படம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அவள் பெயர் தெரியும்?

அதே சிகாகோவில் 2000-இல் கேரி ஸ்லட்கின் என்ற தொற்றுநோய் மருத்துவர் தொடங்கிய வேலை, எங்கள் பூட்டு விநியோகத்தைவிடப் பல மடங்கு கடினமானது. வன்முறை தொற்றுநோய் போலப் பரவுகிறது, அப்படியானால் பரவும் இடத்தில் வழிமறிக்கலாம் என்பது அவர் கணக்கு. ஒருவன் சுடப்பட்டால் பழிவாங்கக் கிளம்பும் நண்பர்களைத் தடுக்க வேண்டும். அதற்குப் போவது போலீஸ் இல்லை. ஒரு காலத்தில் அதே தெருவில் கும்பலில் இருந்து, சிறைக்குப் போய்த் திரும்பியவர்கள். அவர்கள் சொன்னால்தான் அந்தப் பையன்கள் காது கொடுப்பார்கள். பெரும்பாலும் சொற்பச் சம்பளம், நிதி நின்றால் வேலையும் நின்றுவிடும். உங்களிடம் நேரம் இல்லை, பணம்தான் இருக்கிறது என்றால் இப்படிப்பட்ட வேலைக்குக் கொடுங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

அப்புறம், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்ற அந்தக் கேள்வியைக் கேட்கும் விதத்தை இப்போது மாற்றிக்கொண்டேன். தனியாகக் கேட்டால்தான் குற்றச்சாட்டு மாதிரி ஒலிக்கிறது. அதனால் நடுவில் செருகிவிடுகிறேன்: "இவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. வீட்டில் நாய் இருக்கா? துப்பாக்கி இருந்தா பூட்டி இருக்கா? எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போகணும்?" பெரும்பாலானவர்கள் சாதாரணமாகப் பதில் சொல்கிறார்கள். ஒரே ஒரு அம்மா, "அது எங்க சொந்த விஷயம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகளை அனுப்பவில்லை. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

வர வேண்டும் என்று தோன்றினால், இங்கே அநேகமாக எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு குழு இருக்கும். பேச வேண்டாம், பதாகை பிடிக்க வேண்டாம். எங்களுக்கு இந்தச் சனிக்கிழமை இருநூறு பூட்டைப் பையில் போட வேண்டியிருக்கிறது. வருகிறேன் என்று சொன்னவர்கள் இதுவரை நாலு பேர்.