வெயில் காலத்துப் பென்குயின்கள்

வணக்கம்.

போன வாரம் மகளுடன் மண்டாய் பேர்ட் பாரடைஸுக்குப் போயிருந்தேன். பென்குயின் கூடத்தை விட்டு வர அவளுக்கு மனமே இல்லை. ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்குப் பென்குயின்கள் இருந்தன என்று சொன்னேன். "அப்போ இதைவிட ரொம்பக் குளிரா இருந்துச்சாப்பா?" என்று கேட்டாள். குளிரால்தான் அவை அவ்வளவு பெரிதாக வளர்ந்தனவா?

ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

அன்புள்ள நண்பருக்கு,

மகளின் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் நடந்தது நேர்மாறு. அந்தப் பறவைகளின் காலத்தில் உலகம் இன்றைவிட வெப்பமாக இருந்தது. அண்டார்க்டிகாவிலேயே காடுகள் இருந்தன.

நியூசிலாந்தின் வடக்கு ஒட்டாகோ கடற்கரைப் பாறைகளுக்குள் புதைபடிவமாகக் கிடைத்தது குமிமானு ஃபோர்டைசி என்ற ராட்சதப் பென்குயின். 2023இல் பெயர் வைத்தார்கள். மாவோரி மொழியில் குமி என்றால் பழங்கதைகளில் வரும் பூதம், மானு என்றால் பறவை. சுமார் 5.7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பறவையின் எடை, இறக்கை எலும்பின் பருமனை வைத்துப் பார்த்தால், ஏறக்குறைய 150 கிலோ! இன்றைய பென்குயின்களில் பெரியதான எம்பரர் நன்றாகக் கொழுத்தாலும் 40 கிலோ சொச்சம்தான்.

பெருவில் கிடைத்த இக்காடிப்டிஸ் என்ற பழங்காலப் பென்குயின் இன்னும் தெளிவான சான்று. 3.6 கோடி ஆண்டுகளுக்கு முன், வெப்பமண்டலக் கடலோரத்தில், ஈட்டி போன்ற அலகோடு ஒன்றரை மீட்டர் உயரத்தில் வாழ்ந்தது.

சரி, குளிர் இல்லையென்றால் வேறு எது? டைனசோர்களை அழித்த 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு, கடலில் வேட்டையாடிய பெரிய ஊர்வனவற்றையும் துடைத்துவிட்டது. சீல்களும் திமிங்கிலங்களும் இன்னும் வரவில்லை. பறப்பதை விட்டுவிட்ட பறவைக்கு எடை ஒரு தடையில்லை. உடல் பெரிதானால் ஆழமாக மூழ்கலாம், பெரிய மீனைப் பிடிக்கலாம். பிற்பாடு சீல்களும் பல் திமிங்கிலங்களும் பெருகியதால்தான் இந்த ராட்சதப் பென்குயின்கள் அழிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

'ஆள் உயரம்' பற்றி ஒன்று. அண்டார்க்டிகாவின் சீமோர் தீவில் கிடைத்த பென்குயினுக்கு 2 மீட்டர் என்று செய்திகளில் வந்ததே, அது அலகு நுனியிலிருந்து கால்விரல்வரை நீட்டி அளந்த நீளம். நிற்கும்போது அதைவிடக் குறைவு.

அடுத்த முறை போனால் ஹம்போல்ட் பென்குயினை மகளுக்குக் காட்டுங்கள். பெரு, சிலி நாடுகளின் பாலைவனக் கரையோரத்துப் பறவை அது. அலகின் அடியில் இறகில்லாமல் இளஞ்சிவப்பாகத் தோல் தெரியும். அந்த வழியாகவும் உடல் வெப்பத்தை வெளியேற்றுகிறது.