ஊசி போட்ட பிள்ளைக்கு எதற்குத் தொண்டை மாதிரி?

டாக்டர் அம்மா, எங்கள் தெருவில் ஒரு பையனைத் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சுகாதார ஆய்வாளர் வந்து என் பிள்ளைகளுக்கும் தொண்டை மாதிரி எடுத்து, மருந்தும் கொடுத்தார். என் பிள்ளைகளுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்றே?
*அம்மாப்பேட்டை வாசகி*

ஊசி முறியடிப்பது கிருமி கக்கும் நச்சை. கிருமி தொண்டையில் ஒட்டிக்கொள்வதை அது முழுதாகத் தடுக்காது. ஓடியாடி விளையாடும் பிள்ளையிடமிருந்தே அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்கு அது தொற்றலாம். ஆகவே கொடுத்த மருந்தை நடுவில் நிறுத்தாதீர்கள். தடுப்பூசி அட்டையையும் ஒருமுறை பாருங்கள். 6, 10, 14 வாரங்களில் பெண்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), 16 முதல் 24 மாதத்துக்குள் ஒரு டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஊசி), 5–6 வயதில் இன்னொன்று, 10, 16 வயதில் டிடி (ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் ஊசி). நான் பார்க்கும் அட்டைகளில் பெரும்பாலும் காலியாகக் கிடப்பது அந்த 5 வயதுக் கட்டம்தான்.

சின்ன கிளினிக் வைத்திருக்கிறேன். தொண்டை அடைப்பான் சந்தேகம் வந்தால், பரிசோதனை முடிவு வராமல் நோயாளியின் பெயரைச் சுகாதாரத் துறைக்கு அனுப்பலாமா? தவறாகிவிட்டால்?
*சூரமங்கலம் மருத்துவர்*

தாராளமாக அனுப்புங்கள். கண்காணிப்பு சந்தேகத்தில்தான் தொடங்குகிறது. டான்சிலோடு ஒட்டிய சாம்பல் வெள்ளைப் படலம், காய்ச்சல், விழுங்க முடியாத வலி இருந்தால் போதும். படலத்தைச் சுரண்டிப் பார்க்காதீர்கள், ரத்தம் கசியும். முடிந்தவரை ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே மாதிரி எடுக்கட்டும். ஆனால் எதிர்நச்சு மருந்து முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தில் சுற்றும் நச்சை மட்டுமே அதனால் பிடிக்க முடியும். இதயத் தசைக்குள் புகுந்த நச்சை மீட்க முடியாது. எனவே பிள்ளையை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் கிராமச் செவிலியர் அறிகுறியை எழுதுவார், மருத்துவர் தன் சந்தேகத்தை எழுதுவார், ஆய்வகம் முடிவை எழுதும். இப்போது மூன்றும் ஒரே இணையத் தளத்தில் சேர்கின்றன. நோய் இல்லை என்று முடிவு வந்தால் பட்டியலிலிருந்து நீக்குவார்கள், உங்கள் மேல் எந்தக் குறையும் வராது. சந்தேகத்தை நீங்கள் மனதிலேயே வைத்துக்கொண்டால், அந்தத் தெருவில் ஊசி விட்டுப்போன பிள்ளைகளைத் தேடி யாரும் போக மாட்டார்கள். எனக்கு உண்மையாகவே பயம் தருவது அதுதான்.

பேத்திக்கு இரண்டு மாதம். என் மகனுக்கு மூன்று வாரமாக வறட்டு இருமல், இருமி முடித்தால் வாந்தி. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா?
*நாகலூர் பக்கத்துப் பாட்டி*

போகத்தான் வேண்டும் பாட்டி, நாளைக்கே. இரண்டு வாரம் தாண்டிய இருமலும் இருமி முடித்து வாந்தியும் கக்குவானைச் சந்தேகிக்கப் போதும். மகனுக்கு இது வெறும் தொல்லை. பேத்திக்கு உயிராபத்து. கைக்குழந்தைக்குக் கூவல் சத்தம் வராமலே போகலாம். உதடு நீலமாகும், மூச்சு சில நொடி நின்றுபோகும். அப்படி ஒரு தடவை நடந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மருந்துக்கடையில் அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள், அதன்பின் மூக்கு மாதிரியில் கிருமி கிடைப்பது கஷ்டம். மகன் தனியாகப் படுக்கட்டும். 6 வார ஊசி விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே கேளுங்கள்.

எங்கள் கொலுசுப் பட்டறையில் வடமாநிலக் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளிடம் அட்டை இல்லை.
*செவ்வாய்ப்பேட்டை வாசகர்*

அட்டை இல்லையென்று யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. தடுப்பூசி நாளான புதன்கிழமை அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். ஒரு வயதுக்குள் பெண்டாவேலன்ட், ஏழு வயதுக்குள் டிபிடி, அதற்கு மேல் டிடி.

நிமோனியாவையும் இப்படி ஒவ்வொன்றாக எண்ணுகிறார்களா?
*வாழப்பாடி ஆசிரியர்*

இல்லை. நிமோனியாவுக்கு வைரஸ் உட்படப் பல காரணங்கள். நுரையீரலுக்குள்ளிருந்து மாதிரி எடுப்பதும் எளிதல்ல. ஆகையால் தேர்ந்தெடுத்த சில மருத்துவமனைகளில் ரத்தத்திலும் முதுகுத்தண்டு நீரிலும் நிமோகாக்கஸ் (நிமோனியா தரும் ஒரு பாக்டீரியா) வளர்கிறதா, அதில் எந்த வகை என்று பார்க்கிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு, தடுப்பூசி அடக்குவது சிலவற்றை மட்டும். ஊசிக்குப் பிறகு மற்ற வகைகள் தலைதூக்குகின்றனவா என்பது இதில்தான் தெரியும். தமிழ்நாட்டில் 2021 முதல் அந்த நிமோகாக்கஸ் ஊசி அரசு நிலையங்களில் இலவசம்: 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம். விட்டுப்போயிருந்தால் ஒரு வயது முடிவதற்குள் தொடங்கிவிடச் சொல்லுங்கள்.