தெர்மல் கேமரா வாங்கலாமா? மாங்கூழ் ஃபேக்டரி, ராகிக்காடு, மொட்டை மாடி: மூணு கேள்வி

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில எலக்ட்ரீஷியனா இருக்கேன். போன சீசன்ல மெயின் பேனல்ல ஒரு கேபிள் லக் (கேபிள் முனையில போட்டு போல்ட்ல மாட்டற உலோகத் துண்டு) கருகி ரெண்டு நாள் லைன் நின்னுபோச்சு, லோடு லோடா வந்த காய் அப்படியே கெடந்துச்சு. முதலாளி தெர்மல் கேமரா ஒண்ணு வாங்கிப் போடலாம்ங்கறாரு. ஆன்லைன்ல 1,500 ரூபாய்க்கும் இருக்கு, லட்சத்துக்கும் இருக்கு. எத எடுக்கறது?

பதில்: தம்பி, அந்த 1,500 ரூபா சாமான் கேமராவே இல்ல. அது துப்பாக்கி மாதிரி புடிச்சு அமுக்கற ஐஆர் (அகச்சிவப்பு) தெர்மாமீட்டர், படம் காட்டாது, ஒரு நம்பர் மட்டும் சொல்லும். லேசர் புள்ளி விழற இடத்தத்தான் அளக்குதுன்னு நாம நெனைப்போம், ஆனா மேல 12:1ன்னு போட்டிருந்தா 12 அடி தள்ளி நின்னு பாக்கறப்ப ஒரு அடி வட்டத்தோட சராசரி சூடுதான் வரும், அதுக்குள்ள ஒரு லக் கொதிச்சுட்டு இருந்தாலும் அந்த சராசரியில மறைஞ்சு போயிடும்.

தெர்மல் கேமரா வேற மாதிரி. எந்தப் பொருளா இருந்தாலும் அதோட சூட்டுக்கு ஏத்தபடி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர விட்டுக்கிட்டே இருக்கும் (1800-ல வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளிய வானவில் மாதிரி பிரிச்சு, சிவப்பு தாண்டி ஒண்ணுமே தெரியாத இடத்துல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்து கண்டுபிடிச்சது இது). அதுல அலைநீளம் 8ல இருந்து 14 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்கும் உள்ள கதிரத்தான் இந்த கேமராங்க பாக்குது. சாதா கண்ணாடி இந்தக் கதிர உள்ள விடாது, அதனால லென்ஸ் ஜெர்மானியத்துல பண்ணுவாங்க, விலை ஏர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். உள்ள சென்சார்ல ஆயிரக்கணக்குல குட்டிக்குட்டி புள்ளி இருக்கும், கதிர் பட்டு ஒவ்வொண்ணும் துளி சூடாகும், அதோட மின்தடை மாறும், அத எண்ணி கலர் படமாக்கிக் காட்டும்.

அதனால வாங்கறப்ப மொதல்ல கேக்க வேண்டியது சென்சார்ல எத்தன புள்ளின்னுதான். 80×60னா 4,800 புள்ளி, 256×192னா 49,000 சொச்சம். இதுலதான் நெறைய பேர் ஏமாறாங்க, அட்டைப்பெட்டி மேல பெருசா போட்டிருக்கறது ஸ்கிரீனோட அளவா இருக்கும், இல்ல சாஃப்ட்வேர் இழுத்துப் பெருசாக்குன அளவா இருக்கும், சென்சார் அளவு உள்ள எங்கயாவது பொடி எழுத்துல கெடக்கும். உங்க பேனல் வேலைக்கு 160×120க்கு கீழ போகாதீங்க, 256×192 கெடச்சா தாராளமா போதும், போன்ல சொருகற மாடல்லயே அது வருது. அகலத்துல 640 புள்ளி இருக்கற சென்சாரெல்லாம் லட்சக்கணக்குல ஆகும், உங்களுக்கு அது வேணாம்.

ஆனா கேமராவ விட முக்கியமா ஒண்ணு இருக்கு, இதுல நானே தப்பு பண்ணியிருக்கேன். ஒரு ஃபேக்டரி பேனல்ல மூணு பேஸ் பஸ்பாரையும் (கரன்ட் போற செம்புப் பட்டை) பாத்தேன், எல்லாம் 41 டிகிரின்னு காட்டுச்சு, நல்லாருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அங்க இருந்த வயசான எலக்ட்ரீஷியன் ஒருத்தர் மனசு கேக்காம மறுநாள் ஷட்டவுன் எடுத்து, மூணு பஸ்பார்லயும் ஜாயின்ட் பக்கத்துல கட்டைவிரல் அகலத்துக்கு கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, திருப்பி லோடு குடுத்து அரை மணி நேரம் ஓட விட்டு என்னைக் கூப்பிட்டாரு. நடு பஸ்பார்ல டேப் மட்டும் 78 டிகிரி, டேப்புக்குப் பக்கத்துலயே இருந்த வெறும் செம்பு அதே 41. செம்பும் அலுமினியமும் பளபளன்னு இருந்தா அதோட சூட்ட வெளிய விடாம சுத்தி இருக்கறத கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும், கேமரா பாத்தது செம்பையே இல்ல, எதிர்ல இருந்த பேனல் கதவ. டேப், பெயின்ட், பிவிசி, நம்ம தோலு இதெல்லாம் சூட்ட உள்ளபடி காட்டும். பளபளப்பான எதையும் நேரா நம்பாதீங்க.

அப்புறம், ஜனவரியில ஃபேக்டரி சும்மா கெடக்கறப்ப படம் புடிச்சு ஃபைல்ல வைக்கறதுல பிரயோஜனம் இல்ல. ஜாயின்ட் சூடு கரன்ட்டோட வர்க்கத்துக்கு ஏத்தபடி ஏறுது, பாதி லோடுல கால்வாசி சூடுதான் வரும். ஜூன்ல காய் வந்து குவிஞ்சு எல்லா மோட்டாரும் ஓடறப்ப பாருங்க, கிளாம்ப் மீட்டர்ல (ஒயர சுத்திக் கவ்வி கரன்ட்ட அளக்கறது) மூணு பேஸ் கரன்ட்டும் ஒண்ணாதான் போகுதான்னு பாத்துட்டு, எது மத்த ரெண்ட விட சூடா இருக்குன்னு ஒப்பிடுங்க. ஓடற பேனல தொறக்கறது உயிர் விஷயம், கிளவுஸ், முகக் கவசம் இல்லாம தனியாளா தொறக்காதீங்க தம்பி. வருசத்துக்கு ஒருக்காதான் பாக்கப் போறீங்கன்னா வாங்கவே வேணாம், தெர்மோகிராஃபி (தெர்மல் கேமராவுல படம் புடிச்சு சோதிக்கறது) பண்ணி ரிப்போர்ட் குடுக்கறவங்கள ஒரு நாள் கூப்பிட்டா போதும்.

கேள்வி: அஞ்செட்டி பக்கம் காட்டோரமா ராகி போட்டிருக்கோம். யானை வர்றது தெரியறதுக்கு ஐஆர் நைட் விஷன் கேமரா வாங்கலாம்னு கடையில சொல்றாங்க. அதுவும் தெர்மல் கேமராவும் ஒண்ணுதானுங்களா?

பதில்: ஒண்ணு இல்லைங்க. கடையில சொல்றது லென்ஸ சுத்தி மங்கலா செவப்பா எரியற எல்இடி இருக்கற சிசிடிவி, அது கண்ணுக்குத் தெரியாத டார்ச் அடிச்சு அந்த வெளிச்சத்துல பாக்குது, அந்த எல்இடி எட்டற தூரம்தான். தெர்மல் கேமரா எதையும் அடிக்காது, யானையோட ஒடம்புச் சூட்டத்தான் பாக்கும், அமாவாசை இருட்டுலயும் தெரியும், கனத்த மூடுபனியில மட்டும் தூரம் கொறையும்.

ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. அகலத்துல 256 புள்ளி, 55 டிகிரி கோணத்துக்குப் பாக்கற லென்ஸ்னா 100 மீட்டர்ல ஒரு புள்ளிக்கு 40 சென்டிமீட்டர், 3 மீட்டர் யானை ஏழு புள்ளி உயரம்தான் வரும். யானைன்னு அடையாளம் தெரியணும்னா கோணம் கம்மியான லென்ஸ், பெரிய சென்சார் வேணும், அது ஒரு குடும்பம் தனியா வாங்கற விலை இல்ல, ஊரா சேந்து வனத்துறையில கேக்கற விஷயம். கோயம்புத்தூர் மதுக்கரையில ரயில் பாதையோரம் 2024-ல வனத்துறை டவர் போட்டு தெர்மல் கேமரா வச்சிருக்கறத எடுத்துச் சொல்லிக் கேளுங்க. இன்னொண்ணு, நம்ம பக்கத்துப் பாறைங்க பகல் வெயில உள்ள வாங்கி ராத்திரி ஒம்பது பத்து மணி வரைக்கும் சூடாவே இருக்கும், கேமராவுல பெருசா வெள்ளையா தெரியும், அசையுதான்னு பாத்துதான் முடிவு பண்ணணும்.

இது எதுவும் முடியலைன்னு மின்வேலிக்கு மட்டும் போயிடாதீங்க, கை எடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கம் திருட்டு மின்வேலியில மூணு யானை செத்து ரெண்டு குட்டி மட்டும் நின்னத யாரும் மறந்திருக்க மாட்டோம்.

கேள்வி: தர்மபுரியில வீடு. மொட்டை மாடி ஒழுகுதுன்னு, சுவத்துக்குள்ள பைப்பு வரைக்கும் தெரியும்னு போட்டிருந்த தெர்மல் கேமராவ ஆன்லைன்ல வாங்கிட்டேன். ஒண்ணும் தெரியல, நடுநடுவுல டக்குனு சத்தம் வந்து படம் வேற நிக்குது. ஏமாந்துட்டேனா?

பதில்: டக்குனு வர்றது ரிப்பேர் இல்லைங்க, சென்சார் முன்னாடி ஒரு சின்ன ஷட்டர் மூடி தன்னை சரி பண்ணிக்குது. சுவத்துக்குள்ள தெரியும்னு போட்டது பொய். இது எதையும் ஊடுருவாது, மேல்தோல் சூடு மட்டும்தான், ஜன்னல் கண்ணாடிய பாத்தா வெளிய இருக்கறது தெரியாம உங்க உருவமே தெரியும். சுடுதண்ணி ஓடற பைப்னா சுவர் லேசா சூடாகி கோடு தெரியும், பச்சத்தண்ணி பைப் தெரியாது. ஒழுகற இடத்துக்கு வெயிலடிச்ச நாள் பாத்து சாயங்காலம் மாடிக்கு மேல போங்க, ஈரம் தங்கின இடம் சூட்ட விடாம வச்சிருக்கும், சுத்தி ஆறுனப்புறமும் அது மட்டும் சூடா திட்டா தெரியும். ரூமுக்குள்ள சீலிங்க பாத்தா அதே ஈரம் ஆவியாகி குளுந்து தெரியலாம், ஆனா ஏசி காத்து பட்ட இடமும் அப்படித்தான் தெரியும், அதனால ஈரப்பத மீட்டர் வச்சு உறுதி பண்ணிட்டுதான் கொத்தனாரக் கூப்பிடணும்.

திருப்பிக் குடுக்கற நாள் முடியலைன்னா இன்னைக்கே ரிட்டர்ன் போடுங்க. அந்த விளம்பரத்த அழிக்கறதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கங்க, பில்லயும் வச்சுக்கங்க. எடுத்துக்க மாட்டேன்னாங்கன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போடுங்க, அதுலயும் ஆகலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் உள்ள பொருளுக்கு புகார் கட்டணம் கெடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுடணும். நீங்க வீட்டுக்கு வாங்கினதால இந்த வழி இருக்கு, மொத கேள்வி கேட்ட தம்பியோட முதலாளி ஃபேக்டரி பேர்ல, வியாபாரத்துக்குன்னு வாங்கறாருன்னா அவருக்கு இது சிக்கலாகும், அவர் பணம் கட்டறதுக்கு முன்னாடியே டெமோ கேட்டு, தன்னோட பேனல்லயே ஓட்டிப் பாத்துடணும்.